கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லையா?

பட்டனை அழுத்துகிறோம். கம்ப்யூட்டர் ஓடவில்லை. திரை கருப்பாகவே இருக்கிறது. என்ன செய்வது?

சிலர் பெட்டியைத் தட்டுவார்கள். சிலர் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். சிலர் "போச்சு, எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைத்து உட்காருவார்கள். இந்த மூன்றும் வேண்டாம்.

ஓடாத கம்ப்யூட்டர் எல்லாம் கெட்டுப்போன கம்ப்யூட்டர் இல்லை. சில நேரம் ஒரு பிளக் தளர்ந்திருக்கும். சில நேரம் ஒரு சுவிட்ச் அணைந்திருக்கும். சில நேரம் உள்ளே ஒரு பாகம் பழுதாகியிருக்கும். அப்போதும் நாம் எழுதி வைத்த கணக்கு அழியாமல் இருக்கலாம். எது பழுது, எது பழுது இல்லை என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். அந்த வரிசையைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

1. மட்டாஞ்சேரியில் ஒரு சனிக்கிழமை

முதலில் ஒரு கதை. இது பாடத்துக்காகச் சொல்லும் கதை. ஆனால் எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது.

கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பு இருக்கிறது. அது 1998-இல் தொடங்கியது. பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடி ஓர் அயல்கூட்டம் அமைப்பார்கள். ஒவ்வொருவரும் சிறுகச் சிறுகப் பணம் சேமிப்பார்கள். தேவைப்படுகிறவருக்கு அதிலிருந்து கடன் கொடுப்பார்கள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் அப்படி ஓர் அயல்கூட்டம். 14 பெண்கள். செயலாளர் அக்கா தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதி வந்தார். யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு கடன், எல்லாம் அதில் இருந்தது. பெரிய கணக்கு நோட்டில் எழுதுவதை நான்கு மாதத்துக்கு முன்பே நிறுத்தியிருந்தார்கள்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போக வேண்டும். கணக்கைக் காட்டினால்தான் குழுவுக்குக் கடன் கிடைக்கும். சனிக்கிழமை காலை அக்கா பட்டனை அழுத்தினார். கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லை.

செய்தி தெருவில் பரவியது. ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். "நான் போன மாசம் கட்டின ஐந்நூறு என்ன ஆச்சு?" என்றார் ஒருவர். "நான் கடனை அடைச்சிட்டேன். அது எழுதியிருக்குல்ல?" என்றார் இன்னொருவர். அக்காவுக்குத் தொண்டை அடைத்தது.

அந்தக் குழுவில் ஒரு பெரியம்மா இருந்தார். தோபிகானாவில் துணி தேய்ப்பவர். சென்ற ஆண்டுதான் எழுத்தறிவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றார். அவர் சொன்னார்:

"இஸ்திரிப் பெட்டி சூடாகலேன்னா நான் முதல்ல பிளக்கைத்தான் பார்ப்பேன். இதுக்கும் அதுதானே, அக்கா? வரிசையாப் பார்ப்போம்."

பெரியம்மா சொன்னது சரி. அந்த வரிசையைத் தெரிந்துகொள்ள, கம்ப்யூட்டர் எப்படி விழிக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

2. கம்ப்யூட்டர் எப்படி விழிக்கிறது?

மட்டாஞ்சேரி பசார் ரோட்டில் மிளகும் இஞ்சியும் ஏலமும் வைக்கிற பண்டகசாலைகளைப் பார்த்திருப்பீர்கள். காலையில் ஒரு பண்டகசாலை எப்படித் திறக்கிறது?

முதலில் கதவு திறக்க வேண்டும். பிறகு காவல்காரர் உள்ளே ஒரு சுற்று வருவார். தராசு இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். எல்லாம் சரியென்றால் கணக்குப்பிள்ளையைக் கூப்பிடுவார். கணக்குப்பிள்ளை அலமாரியிலிருந்து பேரேட்டை எடுத்து மேசை மேல் விரிப்பார். அதன் பிறகுதான் வியாபாரம்.

கம்ப்யூட்டரும் இப்படித்தான் விழிக்கிறது.

கதவு என்பது மின்சாரம். வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். இவ்வளவு மின்சாரத்தைக் கம்ப்யூட்டரின் நுண்ணிய பாகங்கள் தாங்காது. அதனால் பெட்டிக்குள் ஒரு சிறிய இரும்புப் பெட்டி இருக்கிறது. அதன் பெயர் எஸ்.எம்.பி.எஸ். அது 230 வோல்ட்டை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எனக் குறைத்துக் கொடுக்கிறது.

காவல்காரர் என்பது பயாஸ். பெட்டிக்குள் பெரிய பலகை ஒன்று இருக்கும். அது மதர்போர்டு. அதில் பயாஸ் குடியிருக்கிறது. மின்சாரம் வந்ததும் எல்லாப் பாகங்களும் சரியாக இருக்கின்றனவா என்று அது பார்க்கும்.

மேசை என்பது ராம். வேலை நடக்கும்போது மட்டும் இதில் கணக்கு விரிந்திருக்கும். மின்சாரம் போனால் மேசை காலியாகிவிடும்.

அலமாரி என்பது ஹார்டு டிஸ்க். நாம் சேமித்த கணக்கும் படமும் கடிதமும் இதில்தான் இருக்கும். மின்சாரம் போனாலும் அவை அழியாது.

கணக்குப்பிள்ளை என்பது விண்டோஸ் அல்லது லினக்ஸ். இவர் குடியிருப்பதும் அதே அலமாரியில்தான். பயாஸ் போய் இவரை எழுப்ப வேண்டும். இப்படி எழுப்புவதைத்தான் 'பூட்' ஆவது என்கிறார்கள்.

ஆகவே, நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

கதவு திறந்ததா? அதாவது, விளக்கு எரிகிறதா?
காவல்காரர் சுற்றி வந்தாரா? அதாவது, திரையில் ஏதாவது வருகிறதா?
கணக்குப்பிள்ளை எழுந்தாரா? அதாவது, வந்த எழுத்து என்ன சொல்கிறது?

3. முதலில் நம் உயிர்

கேள்விகளுக்குப் போகும் முன் ஐந்து எச்சரிக்கைகள்.

ஈரக் கையால் தொடாதீர்கள். ஈரத் தரையில் நின்று தொடாதீர்கள்.

தீய்ந்த வாசம் வந்தாலோ புகை வந்தாலோ, எட்டினால் சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள். இல்லாவிட்டால் மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால், யு.பி.எஸ்.ஸையும் நம்பாதீர்கள். வெளி மின்சாரம் நின்றாலும் அதன் பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டோம். நனைந்த கம்ப்யூட்டரை வெளியில் துடைத்துவிட்டு உடனே ஓட்டிப் பார்க்கக் கூடாது. தெரிந்தவர் அதைத் திறந்து, முழுக்கக் காயவைத்துப் பார்க்க வேண்டும்.

இடி இடிக்கும்போது எந்தப் பிளக்கையும் தொடாதீர்கள். இடி நின்ற பிறகு சோதியுங்கள்.

4. முதல் கேள்வி: விளக்கு எரிகிறதா?

பட்டனை அழுத்தினால் பெட்டியின் முன்னால் ஒரு சின்ன விளக்கு எரிய வேண்டும். உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் மின்சாரம் உள்ளே போகவில்லை. சுவரிலிருந்து தொடங்கி, பெட்டி வரை வாருங்கள்.

வீட்டில் மற்ற விளக்குகள் எரிகின்றனவா? எரியவில்லை என்றால் இ.எல்.சி.பி. விழுந்திருக்கலாம். அதை ஒருமுறை மேலே தூக்கிவிடலாம். மறுபடியும் விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்காதீர்கள். எங்கோ மின்கசிவு இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தெரு முழுவதும் மின்சாரம் இல்லையென்றால் கேரள மின்வாரியத்துக்கு 1912 என்ற எண்ணில் சொல்லலாம்.

சுவரில் உள்ள பிளக் பாயின்ட் வேலை செய்கிறதா? அதே இடத்தில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள்.

யு.பி.எஸ். எரிகிறதா? அதற்குத் தனி பட்டன் உண்டு. அது 'பீப் பீப்' என்று கத்திவிட்டு அணைந்தால் பேட்டரி தீர்ந்திருக்கலாம். கம்ப்யூட்டர் வயரைச் சுவர் பிளக்கில் நேராகச் செருகிப் பாருங்கள்.

பெட்டியின் பின்னால் வயர் ஆழமாகச் செருகியிருக்கிறதா? பிடுங்கி, மறுபடி அழுத்திச் செருகுங்கள்.

பெட்டியின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதில் ஒரு கோடும் ஒரு வட்டமும் போட்டிருக்கும். கோடு என்றால் ஆன். வட்டம் என்றால் ஆஃப். வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டால்கூட அது மாறிவிடும்.

சில பழைய பெட்டிகளில் சிவப்பு நிறத்தில் இன்னொரு சுவிட்ச் இருக்கும். அதில் 230 என்று தெரிய வேண்டும். அதைத் தொடாதீர்கள். 115-க்கு மாற்றினால் எஸ்.எம்.பி.எஸ். எரிந்துபோகும்.

இவ்வளவும் சரியா? இன்னும் விளக்கு எரியவில்லையா? பிளக்கைப் பிடுங்குங்கள். கம்ப்யூட்டர் பட்டனை 20 வரை எண்ணும் நேரம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். பிறகு பிளக்கைச் செருகிப் பட்டனை அழுத்துங்கள். அப்போதும் எரியவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். அல்லது மதர்போர்டு பழுதாகியிருக்கலாம். இனி கடைக்காரர் வேலை.

நம் கதைக்கு வருவோம். அக்கா வீட்டில் பிளக் சரியாக இருந்தது. விளக்கு எரிந்தது. விசிறியும் சுற்றியது.

"கதவு திறந்தாச்சு" என்றார் பெரியம்மா. "அடுத்ததைப் பார்ப்போம்."

5. இரண்டாவது கேள்வி: திரையில் ஏதாவது வருகிறதா?

விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, ஆனால் திரை கருப்பு. அப்படியென்றால் முதலில் திரையைப் பாருங்கள். பெட்டியைப் பிறகு பார்க்கலாம்.

திரைக்குத் தனி வயர், தனி பட்டன் உண்டு. அதன் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் திரைக்கு மின்சாரம் போகவில்லை.

திரை விளக்கு எரிகிறது, 'நோ சிக்னல்' என்று எழுத்து வருகிறது என்றால், பெட்டியிலிருந்து படம் வந்து சேரவில்லை. இரண்டையும் இணைக்கும் வயரை இரு பக்கமும் கழற்றிச் சரியாக மாட்டுங்கள். ஊசி போன்ற முனைகள் வளைந்திருந்தால் பலமாகத் தள்ளாதீர்கள்.

பென் டிரைவ், பிரின்டர் போன்றவற்றைக் கழற்றிவிடுங்கள். கீபோர்டும் மவுஸும் திரையும் மட்டும் இருக்கட்டும். மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

'பீப்' சத்தம் வருகிறதா? காது கொடுத்துக் கேளுங்கள். எத்தனை முறை? நீண்ட சத்தமா, குறுகிய சத்தமா? எண்ணி நோட்டில் எழுதுங்கள். அது காவல்காரர் கொடுக்கும் விசில். கம்பெனிக்குக் கம்பெனி அதன் பொருள் மாறும். கடைக்காரருக்கு அந்த எண்ணிக்கை உதவும்.

கொச்சி போன்ற கடலோர ஊர்களில் ஒரு தனித் தொல்லை உண்டு. இங்கே காற்றில் ஈரம் அதிகம். உப்பும் கலந்திருக்கும். தூசியும் சேர்ந்தால் பாகங்களின் உலோக முனைகளில் மெல்லிய படலம் படியும். ராம் பலகையின் முனையில் அப்படிப் படிந்தால், பாகம் நன்றாக இருந்தும் கம்ப்யூட்டர் படம் காட்டாது. தெரிந்தவர்கள் பிளக்கைப் பிடுங்கி, ராமைக் கழற்றி, முனையைச் சுத்தமாகத் துடைத்து மாட்டுவார்கள். பெரும்பாலும் சில நிமிட வேலைதான். ஆகவே, 'மதர்போர்டு போச்சு' என்று யாராவது சொன்னால், "ராமைத் துடைச்சுப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள்.

அக்கா வீட்டில் திரை கருப்பாக இருந்தது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து மேல் ஓரத்தில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை.

அவசரத்தில் அக்கா அதை அணைக்கப் போனார். பெரியம்மா கையைப் பிடித்தார்.

"இருங்கக்கா. அது ஏதோ சொல்லுது. முதல்ல எழுதிக்குவோம்."

6. மூன்றாவது கேள்வி: எழுத்து என்ன சொல்கிறது?

திரையில் வரும் வரி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம். பொருள் தெரியாவிட்டாலும் பார்த்து எழுதலாம். தெரிந்த எழுத்தை எழுதுங்கள். தெரியாத எழுத்தைக் கோலம் போடுவதுபோல் அப்படியே வரையுங்கள். கைபேசி இருந்தால் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சு" என்று சொன்னால் கடைக்காரருக்கு ஒன்றும் புரியாது. வந்த வரியைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

அடிக்கடி வரும் சில வரிகள் இவை.

'நோ பூட்டபிள் டிவைஸ்': கணக்குப்பிள்ளையைக் காணோம் என்று பொருள். பென் டிரைவ் செருகியிருந்தால், பயாஸ் சில நேரம் அவரை அதில் தேடும். பென் டிரைவை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் இதே வரி வந்தால், ஹார்டு டிஸ்க் வயர் தளர்ந்திருக்கலாம், அல்லது டிஸ்க் பழுதாகியிருக்கலாம்.

'கீபோர்டு நாட் ஃபவுண்டு': கீபோர்டைக் காணோம் என்று பொருள். அதன் வயரைக் கழற்றி மாட்டுங்கள்.

தேதியும் நேரமும் தவறு என்று வந்து, 'எஃப் 1' பட்டனை அழுத்தச் சொல்லும் வரி: மதர்போர்டில் உள்ள சின்ன பேட்டரி தீர்ந்திருக்கலாம். அது வட்டமாக, நாணயம் போல இருக்கும். 3 வோல்ட். அதன் மேல் 'சி.ஆர். 2032' என்று எழுதியிருக்கும். 20 என்றால் அகலம் 20 மில்லிமீட்டர். 32 என்றால் கனம் 3.2 மில்லிமீட்டர். விலை குறைவு. புதிது போட்டால் சரியாகும். பழையதைக் குழந்தைகள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

எழுத்து மட்டுமல்ல, சத்தமும் பேசும். ஹார்டு டிஸ்கிலிருந்து 'டிக், டிக், டிக்' என்று விடாமல் சத்தம் வந்தால் உடனே அணையுங்கள். உள்ளே தட்டு சுழல்கிறது. அதைப் படிக்கும் முள் தடுமாறுகிறது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் சேதம் கூடலாம். இந்தச் சத்தம் வந்த பிறகு 'இன்னும் ஒரு தடவை' என்று ஓட்டிப் பார்க்கவே கூடாது. எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிஸ்கில் சுழலும் தட்டு கிடையாது. அது பழுதானாலும் சத்தம் வராது.

அக்கா வீட்டில் வந்த வரி, 'நோ பூட்டபிள் டிவைஸ்'. பென் டிரைவ் எதுவும் செருகியிருக்கவில்லை. பெட்டியின் அருகே காதை வைத்தார் பெரியம்மா. டிக், டிக், டிக்.

"அக்கா, அணைச்சிடுங்க" என்றார்.

7. 'ஃபார்மேட்' என்றால் என்ன?

அக்கா தனக்குத் தெரிந்த ஒரு பையனுக்குப் போன் செய்தார். அவன் சொன்னான்: "ஃபார்மேட் பண்ணிட்டா சரியாயிடும்."

இந்த இடத்தில்தான் நாம் நிதானமாக இருக்க வேண்டும்.

ஃபார்மேட் என்றால் அலமாரியைக் காலி செய்வது. கணக்குப்பிள்ளைக்குப் புது இடம் தயார் செய்வதற்காக, பழைய பேரேடு எல்லாவற்றையும் வெளியே எறிவது போன்றது. கம்ப்யூட்டர் ஓடும். கணக்கு இருக்காது. டிஸ்க்கே பழுதாக இருந்தால் ஃபார்மேட் செய்தும் பயனில்லை.

விண்டோஸ் சில முறை எழ முடியாமல் போனால், தானாக ஒரு நீலத் திரையைக் காட்டும். 'ரீசெட்' என்று ஒரு வழி சொல்லும். அதற்குள் போனால் இரண்டு வரிகள் இருக்கும்.

'கீப் மை ஃபைல்ஸ்': என் கோப்புகளை வைத்துக்கொள்.
'ரிமூவ் எவ்ரிதிங்': எல்லாவற்றையும் அழி.

இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். ஒரு வரி மாறினால் பல ஆண்டுக் கணக்கு போய்விடும். படிக்காமல் எதையும் அழுத்தாதீர்கள். முதல் வரியைத் தேர்ந்தெடுத்தாலும் நாம் பிறகு சேர்த்த மென்பொருள்கள் போய்விடும். ஆகவே நகல் எடுத்த பிறகே இதற்குள் போவது நல்லது.

கம்ப்யூட்டர் எழாதபோது எப்படி நகல் எடுப்பது? ஹார்டு டிஸ்கைக் கழற்றி, நன்றாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டலாம். அலமாரியை வேறு அறைக்குத் தூக்கிப் போய்த் திறப்பதுபோல. கடைக்காரர் இதைச் செய்வார்.

சில புதிய கம்ப்யூட்டர்களில் அலமாரிக்குப் பூட்டும் இருக்கும். அதன் பெயர் பிட்லாக்கர். அதன் திறவுகோல் 48 இலக்க எண். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அந்த எண்ணை எடுத்து, நோட்டில் எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

8. கடையில் என்ன பேச வேண்டும்?

பழுது பார்க்கும் கடையில் கூச்சம் வேண்டாம். நம் பொருள், நம் பணம். அக்காவும் பெரியம்மாவும் பெட்டியை ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனார்கள். பெரியம்மா நோட்டை நீட்டினார். மலையாளத்தில் பேசினார்கள். அந்தப் பேச்சு தமிழில் இது:

"சேட்டா, இந்த வரிதான் வந்துச்சு. டிக் டிக்னு சத்தமும் வந்துச்சு. உடனே அணைச்சிட்டோம்."

கடைக்காரர் நோட்டைப் பார்த்தார். "நல்ல வேலை செஞ்சீங்க. டிஸ்க் பழசு, பத்து வருஷம் ஆச்சு. புதுசு போடணும்."

"போடலாம், சேட்டா. ஆனா முதல்ல எங்க கணக்கை எடுத்துக் குடுங்க. அதுவரைக்கும் எதையும் அழிக்கக் கூடாது."

"எல்லாம் வரும்னு உறுதி சொல்ல மாட்டேன். பார்க்கிறேன்."

"எவ்வளவு ஆகும்னு இப்பவே ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க."

இந்தப் பேச்சில் நாம் கற்க வேண்டியவை ஐந்து.

ஒன்று: நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள்.
இரண்டு: முதலில் கோப்பு, பிறகு பழுது.
மூன்று: செலவை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.
நான்கு: மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். பழைய டிஸ்கில் உங்கள் கணக்கு இருக்கிறது. அதைக் குப்பையில் போடாதீர்கள்.
ஐந்து: பில்லும் வாரண்டிச் சீட்டும் வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

பில் கொடுத்தும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் சொல்லப் பில் வேண்டும்.

9. கணக்கு என்ன ஆனது?

அன்று மாலை கடைக்காரர் கூப்பிட்டார். பழைய டிஸ்கிலிருந்து கணக்கு வந்துவிட்டது. ஆனால் முழுதும் வரவில்லை. கடைசி இரண்டு வாரக் கணக்கு மட்டும் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை 14 பேரும் கூடினார்கள். பெரியம்மா தன் பாஸ்புத்தகத்தை எடுத்து வைத்தார். வாரா வாரம் கட்டிய தொகையும் அக்காவின் கையெழுத்தும் அதில் இருந்தன. மற்றவர்களும் எடுத்து வந்தார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் பக்கத்தை உரக்கப் படித்தார்கள். அக்கா எழுதினார். ஒருவர் கூட்டினார். இன்னொருவர் சரிபார்த்தார். கடனை அடைத்தவரின் பெயரும் அதில் இருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

திங்கட்கிழமை கணக்கு வங்கிக்குப் போனது.

அன்று அவர்கள் ஒரு முடிவும் எடுத்தார்கள். கணக்கு இனி மூன்று இடத்தில் இருக்கும். ஒன்று கம்ப்யூட்டரில். ஒன்று பென் டிரைவில், வேறொரு வீட்டில். ஒன்று காகிதத்தில்.

10. மழை ஊரில் கம்ப்யூட்டரைக் காப்பது

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். மட்டாஞ்சேரியில் பல தெருக்கள் தாழ்வானவை. மழை நீரும் ஏற்ற நீரும் புகும். உயரமான மேசையில் வையுங்கள்.

ஐப்பசி மழையைக் கேரளத்தில் துலாவர்ஷம் என்பார்கள். பிற்பகலில் இடி மின்னல் அதிகம். வானம் கறுக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இன்டர்நெட் வயரையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

வாரம் சில முறையாவது கம்ப்யூட்டரை ஓட்டுங்கள். உள்ளே வரும் சூட்டில் ஈரம் குறையும்.

பெட்டியின் ஓட்டைகளை மூடியே வையுங்கள். பல்லியும் எறும்பும் உள்ளே போனால் ஷார்ட் ஆகலாம். ஆனால் காற்று போகும் வழியைத் துணியால் மூடாதீர்கள்.

வாரம் ஒருமுறை நகல் எடுங்கள். கிழமையைக் குறித்து வையுங்கள்.

எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரி 4 அன்று முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. கேரளம் முழுவதும் 1991 ஏப்ரல் 18 அன்று அறிவிக்கப்பட்டது. வீட்டுக்கு ஒருவராவது கம்ப்யூட்டர் கற்க வேண்டும் என்று அட்சயா திட்டம் 2002-இல் மலப்புரத்தில் தொடங்கியது. கம்ப்யூட்டர் படிப்புக்கு எழுத்துதான் வாசல். திரையில் வந்த ஒரு வரியைப் பார்த்து எழுதியவர், 14 பேரின் பணத்தைக் காப்பாற்ற உதவினார். நீங்களும் எழுதலாம்.

சொல்லும் பொருளும்

எஸ்.எம்.பி.எஸ். – மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் பெட்டி
மதர்போர்டு – எல்லாப் பாகங்களும் இணையும் பெரிய பலகை
பயாஸ் – முதலில் விழித்துச் சோதிக்கும் நிரல்
ராம் – வேலை நேரத்து நினைவகம்
ஹார்டு டிஸ்க் – கோப்புகள் தங்கும் இடம்
ஃபார்மேட் – டிஸ்கைக் காலி செய்வது
நகல் – இன்னொரு பிரதி

விடை சொல்லுங்கள்

1. விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?
2. மின்சாரம் போனதும் காலியாவது எது? ராமா, ஹார்டு டிஸ்க்கா?
3. 'டிக் டிக்' சத்தம் வந்தால் ஏன் மறுபடி ஓட்டக் கூடாது?
4. 'கீப்', 'ரிமூவ்' – இந்த இரண்டில் அழிக்கச் சொல்லும் சொல் எது?

கணக்குப் போடுங்கள்

ஓர் அயல்கூட்டத்தில் 14 பேர். ஒவ்வொருவரும் வாரம் 50 ரூபாய் கட்டுகிறார்கள். ஒரு வாரத்தில் எவ்வளவு சேரும்? இரண்டு வாரக் கணக்கு தொலைந்தால், எவ்வளவு ரூபாய்க்குக் கணக்கு இல்லாமல் போகும்?

பேசிப் பாருங்கள்

உங்கள் குழுவின் கணக்கு எத்தனை இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது? ஓரிடத்தில் மட்டும் இருந்தால் என்ன செய்யலாம்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ, வகுப்பிலோ உள்ள கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போது அருகே உட்காருங்கள். பட்டனை அழுத்தியதும் எந்த விளக்கு எரிகிறது, என்ன சத்தம் கேட்கிறது, முதலில் என்ன எழுத்து வருகிறது என்று நோட்டில் எழுதுங்கள். நன்றாக ஓடும்போது எப்படி என்று தெரிந்தால்தான், ஓடாதபோது எது குறைகிறது என்று தெரியும்.